சோகி கொடுத்து வாங்கிய மனிதர்

ஓகஸ்ட் 14, வெள்ளி

களுவாஞ்சிக்குடி நூலகத்தில் இன்று அடிமை வியாபாரத்தைப் பற்றிப் பேச வேண்டிய ஆசிரியருக்குக் காய்ச்சல். திருவிழா மேடைகளில் கோமாளித்தனம் பண்ணும் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிற சனம். அந்தப் பாவப்பட்ட அடிமைகளின் கதைக்கும் சிரித்துவிடுமோ என்று பயந்தேன்.

"வணக்கம்" என்றேன். சிரித்தார்கள். மனைவி தாயம் விளையாட உருட்டும் சோகிகளை, அந்தச் சின்னக் கடற்சிப்பிகளை, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"இதுக்கு என்ன வாங்கலாம்?"

"ஒரு கோப்பை பிளேன்டி கூட வராது மச்சான்!" என்றார் காத்தான்குடிப் புடவைக்கடை நானா. சபை குலுங்கிச் சிரித்தது.

"இதைக் குடுத்து வெள்ளைக்காரங்க ஆபிரிக்காவில மனிசரை வாங்கினவங்க. மாலைதீவுச் சோகி, நம்மட இலங்கையிலிருந்தும் கப்பல் ஏறினது. அந்த மனிசர் கரும்புத் தோட்டத்தில செத்துச் செத்து உழைச்சுத்தான் ஐரோப்பாவில காசு பெருகினது."

சிரிப்பு நின்றது. நானா மெல்லக் கேட்டார்: "அந்த மனிசரை வாங்கப் புடவையும் குடுத்தாங்களா?"

"ஓம் நானா, இந்தியத் துணிமணி, புடவை எல்லாம்தான்."

அவர் தலை குனிந்துகொண்டார். கூட்டத் தலைவர் மட்டும் குறட்டை விட்டார். அது வழமை.

வீட்டில் மனைவி சோகியைத் திருப்பி வாங்கிக்கொண்டே, "இண்டைக்கு ஒருத்தரும் சிரிக்கல்லையாமே, கவலையா?" என்றாள்.

கவலையா! இத்தனை வருடத்தில் இன்றுதான் மேடையிலிருந்து நிம்மதியாக இறங்கினேன்.