வலப்பக்கத்துக் கொம்பு

மார்ச் 4
மொட்டை இன்றும் நீல வாளியை முட்டித் தள்ளினான். புட்டிப்பால் கொடுத்து நான் வளர்த்த மான்குட்டி. தீவனம் தாமதமானால் வாளிதான் எதிரி. இத்தனைக்கும் கொம்பே முளைக்கவில்லை. நெற்றித் தோலுக்கு அடியில் இரண்டு மேடுகள், கோலிக்குண்டு போல. வலது மேட்டில் தழும்பு. போன மாதம் வேலிக்கம்பியில் மோதிக்கொண்டது.

மான் பண்ணை டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்தப் பக்கம் எலும்பே நசுங்கியிருக்கு."

"முளைக்கலைன்னா?"

"ஒத்தைக் கொம்பனை மந்தையில விட்டா மத்ததுங்க பந்தாடிடும். தனிக் கொட்டில்தான்."

காலம் பூராவுமா?

மார்ச் 19
இடது மேடு கிளம்பிவிட்டது. மேலே வெல்வெட் மாதிரித் தோல். தொட்டால் சூடு, உள்ளே ரத்த ஓட்டம். ஓர் எலும்பு வளர இவ்வளவு ரத்தமா?

வலது — ஒன்றுமில்லை.

மார்ச் 27
ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8
கண்ணாடி முன் நின்று என் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணி பார்த்துவிட்டாள்.

"என்ன, உனக்கும் கொம்பு முளைக்குதா?"

"இல்ல அண்ணி, சும்மா—"

"யூனிவர்சிட்டியிலேருந்து வந்தப்பவே முளைச்சிடுச்சே."

ஏப்ரல் 21
மொட்டை இப்போது வாளியை முட்டுவதில்லை. விருந்தாளி போல ஒதுங்கி நின்று சாப்பிடுகிறான். நோயா? போன் செய்தேன்.

"வளர்ற கொம்பு கூசும்யா," என்றார் டாக்டர். "இடிச்சுக்காம பாத்துக்கறான். நீயும் தொட்டுத் தொட்டுப் பாக்கறதை விடு."

விட்டேன். (இரண்டு நாள்.)

மே 2
கொட்டில் கதவைத் தாண்டும்போது மொட்டை வலப்பக்கமும் இடிக்காமல் தலையை ஒதுக்கிக்கொண்டான். இடப்பக்கம் காட்டும் அதே கவனம். ஒன்றுமில்லாத இடத்தை யாராவது இவ்வளவு பத்திரமாகக் காப்பார்களா?

குனிந்து பார்த்தேன். தழும்பின் ஓரத்தில் ஒரு புடைப்பு. கை பரபரத்தது. தொடவில்லை.

மே 3
தொட்டேன். சூடு.

ஜூலை 16
இடது நேராக நிற்கிறது. வலது கொஞ்சம் குட்டை, வெளிப்பக்கம் சாய்வு. கிளை கிடையாது; முதல் கொம்பு வெறும் குச்சிதான்.

"கோணலா வருதே, டாக்டர்."

"வந்துச்சு இல்ல? என் மூக்குகூடத்தான் கோணல். கல்யாணம் நடக்கலையா?"

ஆகஸ்ட் 28
காலையில் போனால் ரத்தம். கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து, தோல் நார் நாராகத் தொங்குகிறது. ஐயோ, வந்ததும் போச்சா — சட்டையைக் கழற்றி இரண்டு கொம்புக்கும் சேர்த்துக் கட்டினேன். டாக்டர் ஓடி வந்தார். பார்த்தார். வைக்கோல்மேல் உட்கார்ந்து சிரித்தார்.

"மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையா?"

"ரத்தம் டாக்டர்..."

"உள்ள கொம்பு இறுகிடுச்சு. தோலுக்கு இனி வேலையில்ல, அவனே உரிச்சுக்கறான். நீ படிச்சதில்லையா?"

படித்திருக்கிறேன். புத்தகத்தில் ரத்தம் வரவில்லை.

சட்டை போனது போனதுதான். பனியனோடு வீடு வந்தேன், விசிலடித்துக்கொண்டே.

செப்டம்பர் 6
இன்று மொட்டையை மந்தையில் விட்டோம். அதற்குமுன் கடைசித் தீவனம், வழக்கம்போல் தாமதமாக. தலையைத் தாழ்த்தினான். நான் வேலிக்கு மேலே இருந்தேன் — எப்படி ஏறினேன், தெரியாது. அவன் முட்டிய வாளி கீழே உருண்டது. இனி அவன் பக்கத்தில் நான் போக முடியாது. டாக்டர் கதவைத் திறந்தார். ஒரே ஓட்டம். திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது.

வாளியைக் கழுவ வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"ஒழுகுதேடா," என்றாள் அண்ணி. "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

மறுபடி நிரப்பிப் பிடித்தேன். இரண்டு ஓட்டை. இரண்டு தாரை. வலது கொஞ்சம் கோணலாக விழுந்தது.