பன்னிரண்டாவது தோள்

கத்தானியா,
7 பிப்ரவரி 1964

என் சாரோவுக்கு வெனெரா எழுதிக்கொள்வது. நானும் மெலீனாவும் சுகம். ஜெர்மனியில் பனி முழங்காலளவு என்று கேள்விப்பட்டேன். கம்பளி உள்சட்டையைக் கழற்றிவிடாதீர்கள்.

புனித ஆகத்தா திருவிழா ஒருவழியாக முடிந்தது. மூன்று நாள் நின்று நின்று என் கால் வீங்கிக் கிடக்கிறது. தெருவெல்லாம் உருகிய மெழுகு. தண்ணீர் எடுக்கப் போனவள் இரண்டு தடவை வழுக்கினேன்.

நம் ரொட்டிக்காரர்களின் கண்டெலோரா மெழுகுத் தேரை இந்த வருஷமும் பன்னிரண்டு பேருக்குப் பதினோரு பேர்தான் தோளில் தூக்கினார்கள். உங்கள் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே விட்டிருந்தார்கள். நம் வாசலில் நிறுத்தி, வழக்கம்போல் அசைந்து ஆடினார்கள். மேலே இருந்த பொன்பூசிய தேவதைகளும் மெழுகுவர்த்திகளும் குலுங்கின. மெலீனா அந்த இடைவெளியைக் காட்டி, "அங்க ஏம்மா யாருமில்ல?" என்றாள். அப்பாவின் இடம் என்றேன். "அப்போ அப்பா பாரத்த யாரு தூக்குறாங்க?" என்று கேட்டாள். 

தூக்குவது உங்கள் அண்ணன் தூரிதான். அந்தத் தூக்குக் கட்டையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் அவர்தானே. சான் ஜுலியானோ ஏற்றத்தில் அவருக்கு முழங்கால் மடங்கிவிட்டது. அப்போதும் கட்டையை விடவில்லை. வீட்டில் உப்பு ஒத்தடம் கொடுக்கப் பார்த்தால் தோளில் தோலே இல்லை. "தம்பிய நான் குத்தம் சொல்லல வெனெரா. வருவானா மாட்டானான்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. எனக்கு இனிமே தாங்காது" என்றார். அவர் போன பிறகு அழுதேன்.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களோடு வேலை செய்யும் ஸ்கூதேரி மகன் திருவிழாவுக்கு வந்திருந்தான். "கேட்டவனுக்கெல்லாம் குடுத்தாங்களேக்கா. சாரோ கேக்கவே இல்லியே" என்றான். நான் அவனுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்தேன்.

நேற்று ரொட்டிக்காரர் சங்கத் தலைவர் தோன் தானோவிடம் போய் உங்கள் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். "அவசரப்படாதம்மா, இன்னொரு வருஷம் பாப்போம்" என்றார். வேண்டாம் என்றேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். கோபம் வந்தால் நேரில் வந்து திட்டுங்கள்.

இனித் திருவிழாவுக்காக நீங்கள் வர வேண்டியதில்லை, சாரோ. எனக்காகவும் இவளுக்காகவும் ஒரே ஒரு தடவை லீவு கேட்டுப் பாருங்கள். தர மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், அப்படித்தான் சொன்னார்கள் என்று நம்பிக்கொள்கிறேன். புனித ஆகத்தா உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
வெனெரா