உரியேலின் கோட்டு

மார்ச் 4, செவ்வாய்
மே மாதம் பெரியம்மா மகள் யெசேனியா அக்காவுக்குப் பதினைந்து வயது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு அது கல்யாணம் போலப் பெரிய விழா. மாதா கோவிலில் பூசை, பிறகு விருந்து, வால்ட்ஸ் நடனம். பெரியம்மா வீட்டில் வேறு பேச்சே இல்லை. அக்காவோடு ஆட ஏழு பையன்கள். ஏழு பேருக்கும் கோட்டு தைப்பது என் அம்மா. இன்று வரிசையாக வந்து நின்றார்கள். அம்மா அளந்து சொல்ல, நான் அளவு நோட்டில் எழுதினேன். அக்காவின் ஜோடி உரியேல்: தோள் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். அவனைப் பார்த்தாலே எரிச்சல். ஏன்?

மார்ச் 15
கூடைப்பந்து மைதானத்தில் ஒத்திகை. உரியேலுக்குக் கால் சுளுக்கு, வரவில்லை. சுவரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லா அடியும் மனப்பாடம். நடன மாஸ்டர், "மாரிக்ருஸ், சும்மாதான இருக்க, அவன் எடத்துல நில்லு" என்றார். நான் நடத்த, அக்கா சுற்றினாள். முடிந்ததும் மாஸ்டர் சொன்னது: "உரியேல் மெதுவாவே வரட்டும்."

இதை மூன்று முறை எழுதலாம் போலிருக்கிறது.

மார்ச் 22
இன்றும் நான்தான். அவன் கால் ஆறவே கூடாதென்று கன்னி மரியாளிடம் வேண்டிக்கொண்டேன். பாவம்தான். திரும்பவும் வேண்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 5
ஆறிவிட்டது.

ஏப்ரல் 6
மறுபடி சுவர். இடது பக்கம் திரும்பச் சொன்னால் வலது பக்கம் திரும்புகிறான் மரமண்டை. அக்காவின் காலை மிதிக்கிறான், அதற்கும் எல்லோருக்கும் சிரிப்பு.

பெரியம்மா சோள மடலில் அவித்த தமால் ஒன்றை என் கையில் திணித்து, "அக்கா கவுனப் பாத்து ஏங்காதடி. அடுத்த வருஷம் ஒனக்கும்தான்" என்றாள். அக்காவோ காதருகே வந்து, "உரியேல் மேல ஒரு கண்ணு, இல்ல? அந்த மொற மொறைக்கிற" என்றாள்.

கவுனும் வேண்டாம், அவனும் வேண்டாம். அப்புறம் என்னதான் வேணும் எனக்கு? அவன் கோட்டா? கோட்டு மட்டுமா? அவன் கேட்காமலே ஊரே அவனைப் பையன் என்கிறது. அதைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது.

எழுதிவிட்டேன். அப்ப நான் பொண்ணு இல்லையா? தெரியல. கிழிக்கலாமா — இருக்கட்டும்.

ஏப்ரல் 26
அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். உரியேலின் கோட்டு தைத்து முடிந்து கொக்கியில் தொங்கியது. போட்டுப் பார்த்தேன். தோள் தொளதொள, கை விரல்வரை மூடியது. இருந்தும் கண்ணாடியை விட்டு நகர மனம் வரவில்லை.

திரும்பினால் அம்மா, தக்காளிப் பையோடு. "கழட்டு. அழுக்காயிடும்." அவ்வளவுதான். கோட்டை வாங்கி மறுபடி கொக்கியில் மாட்டினாள்.

மே 17
விழா. உரியேல் ஒரு தப்பும் செய்யவில்லை. கோட்டு அவனுக்கு நன்றாகவே இருந்தது, பாவி. நான் இளஞ்சிவப்புக் கவுனில் கோழி மோலே குழம்பு பரிமாறினேன். எல்லோரும் அழகு என்றார்கள். அம்மா மட்டும் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 3
என் பதினைந்துக்கென்று பெரியம்மா கவுன் படங்கள் கொண்டுவந்தாள். "நீலம் எடுப்பா இருக்கும்." அம்மா படங்களை மூடி வைத்தாள். "பிள்ளகிட்ட இன்னும் கேக்கலக்கா, என்ன வேணும்னு."

பெரியம்மா போனதும் அளவு நாடாவை எடுத்தாள். "நேரா நில்லு." கவுன் என்றால் முதலில் இடுப்பு. இன்று தோளில் ஆரம்பித்தாள். "கையத் தொங்கவிடு. எழுது, முப்பத்தெட்டு."

அளவு நோட்டில் உரியேலுக்கு அடுத்த பக்கம் காலி. மேலே என்ன பேர் எழுதுவது என்று கேட்டேன். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "அவசரமில்ல. எடம் விட்டு வை" என்றாள்.

விட்டிருக்கிறேன். என் தோள் உரியேலைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைவு. இன்னும் பொறாமைதான், கொஞ்சம்.