உளவுக் கதையும் சரிவாகச் சீவிய சீஸும்

ஹெல்லேயா தீவு,
21 பிப்ரவரி 1993

அன்பு மகள் ரக்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், ஆடுகள் நலம், உன் அப்பாவும் இப்போது நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பேரன் ஐவாரும் அந்த நியூசிலாந்து வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு மட்டும் ‘இப்போது’ என்று போட்டிருக்கிறேனே என்று பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்தில் நூலகத்தின் புத்தகப் படகு வந்தபோது ஒரு தடித்த நாவலை எடுத்து வந்தேன். அட்டையில் ஒரு பெண் தலைமுடி பறக்க நிற்கிறாள். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கார ஹல்வர், “இந்த வயசுல காதல் கதை கேக்குதா அக்கா?” என்று கிண்டலடித்தான். அடிக்கட்டும். அடடா, என்ன கதை தெரியுமா! போர்க்காலம், நம் கரை மாதிரியே ஒரு கரை. சுன்னிவா என்று ஒரு பள்ளி ஆசிரியை, ஜெர்மன் கப்பல்கள் போவதையும் வருவதையும் ஒளித்து வைத்த கருவியில் கடல் தாண்டிச் செய்தி அனுப்புகிறாள். அவளுக்குத் துணையாகப் படகில் வந்து இறங்குகிறான் ஐலிஃப். ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள், ஆனால் தேவாலயத்தில் பார்த்தால்கூட யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எழுதியவளின் கைக்கு முத்தம் கொடுக்கலாம். அப்பா பேப்பரையெல்லாம் நிறுத்திவிட்டு, “எல்லாம் பொய்யா எழுதுறான், நீ அந்தக் கதையையே சத்தமாப் படி, உன் குரல் கேக்க நல்லாருக்கு” என்றார். கல்யாணமானதிலிருந்து என் குரலைப் புகழாத மனிதர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது படித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டு, நம் பாட்டெல்லாம் பாடிக்கொண்டு, ‘நானும் உங்க ஆளுதான்’ என்று ஒருவன் சுன்னிவா வீட்டுக்கு வருகிறான். அவளும் நம்பிவிடுகிறாள். மேசையில் ஆட்டுப்பால் சீஸ் இருக்கிறது. அவன் அதை ஒரு பக்கமாகவே சீவிச் சீவி, பனிச்சறுக்கு மேடு மாதிரி சரிவாக்கி வைக்கிறான். சீஸை மட்டமாகத்தான் சீவ வேண்டும் என்று அதட்டி வளர்க்கும் நம் ஊர் வீட்டில் வளர்ந்தவன் எவன் அப்படிச் சீவுவான்? இவன் ஜெர்மன்காரன் அனுப்பிய ஒற்றன் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் காப்பிக்கொட்டை கிடைக்காத அந்தக் காலத்துப் பட்டாணிக் காப்பியை இன்னொரு கோப்பை ஊற்றுகிறாள் பார், எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த வேகத்தில் தலையை நிமிர்த்தினால், எதிரே எங்கள் மேசைச் சீஸ் அதே சரிவில் நிற்கிறது! சின்ன வயதில் இதற்காகவே உன்னை அதட்டி எழுப்பி நிற்க வைத்த உன் அப்பாதான் சீவுகத்தியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். “என்னங்க, இது எத்தனைன்னு சொல்லுங்க” என்று விரலைக் காட்டினேன். “வெளையாட்டு வேணாம்” என்றார். ரக்னா, அவருக்கு விரலே தெரியவில்லை. இந்தக் கண்ணோடுதான் குளிர்காலம் முழுக்கத் தனியாகப் படகெடுத்துப் பாறைகளுக்கு நடுவே போய் வந்திருக்கிறார். புத்தகம் நழுவிக் காப்பியில் விழப் பார்த்தது.

கண்புரைதான், பெர்கன் நகரில் சின்ன ஆபரேஷன், சாயந்திரமே திரும்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லியும் இவர் அசையவில்லை. “கண்ணு போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா படகை விக்கச் சொல்லுவீங்க, எனக்குத் தெரியும்” என்று உள்ளதைச் சொல்லிவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அழுதேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுன்னிவாவை நினைத்துக்கொண்டேன். அன்று மாலை, புயலில் ஐலிஃப் படகு கிளம்புகிறது, விடிந்தும் காணவில்லை, அவள் துறையில் நிற்கிறாள் என்ற இடத்தில் படக்கென்று புத்தகத்தை மூடினேன். “மிச்சத்தை நீங்களே படிச்சுக்குங்க.” மாவு டப்பாவுக்குள் ஒளித்தும் வைத்துவிட்டேன். நானும் மேலே படிக்கவில்லை, அது நியாயம் இல்லையே. மனிதர் தவித்துப் போனார். ஹல்வரிடம் போய், “அந்தப் பய திரும்பி வந்தானா இல்லையா, உனக்குத் தெரியுமாடா?” என்று கேட்டாராம். கடைசியில் ஒரு காலை, கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, “சரி, பெர்கனுக்கு டெலிபோன் போடு. ஆனா புத்தகமும் கூட வரணும்” என்றார்.

போன வாரம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் சன்னலோரம் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் படித்தே தீர்த்தார். நான் பின்னல் ஊசியோடு எதிரே இருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் நீர் வழிந்தது. “மருந்து விட்டாங்கல்ல, அதான்” என்றார். அவன் வந்தானா என்று கேட்டால், “புடிச்சு வச்சு அடிச்சாலும் சொல்ல மாட்டேன்” என்று சிரிப்பு. அப்புறம் நான் மூடி வைத்த இடத்திலிருந்து அவரே எனக்குப் படித்துக் காட்டினார். நான் பின்னலை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். ஐலிஃபுக்காக இல்லை. முடிவை உனக்கும் சொல்ல மாட்டேன், வாங்கிப் படி.

குழந்தைக்குக் கம்பளிச் சட்டை தனியாக அனுப்பியிருக்கிறேன். அங்கே வெயில் என்று சும்மா இருந்துவிடாதே, காலையும் மாலையும் போட்டுவிடு. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய குழந்தையின் போட்டோவை அப்பா வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, ‘அச்சு அசல் எங்க ரக்னாதான்’ என்று பெருமையடித்தாரே, இப்போது அதைத்தான் மறுபடி விளக்கருகே கொண்டுபோயிருக்கிறார். கீழே அவரே எழுதுகிறாராம், இடம் விடச் சொல்கிறார். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆண்டவர் காக்கட்டும்.

உன் அம்மா,
போர்கில்ட்

ரக்னா, போட்டோவை இன்றுதான் பார்த்தேன். பையன் உன் ஜாடை இல்லை. என் ஜாடை. – அப்பா