தீட்டுக்கல்லில் உன் பெயர்

அன்பு மகன் ஜினோவுக்கு அப்பா எழுதுவது.

எழுத்து கோணிக்கொண்டு போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி நம் எஸ்டேட் ரோடு மாதிரிப் போகிறது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கத்தார் வெயிலில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் ஜெபமாலை சொல்கிறோம். இது யாரிடமும் சொல்லி எழுதியது இல்லை, ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. அங்கன்வாடியில் வாரம் மூன்று நாள் சாட்சரதா என்று பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தரும் வகுப்பு நடக்கிறது, டின்சி என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொடுக்கிறாள். நான் பேனா பிடிப்பதைப் பார்த்து, "தாத்தா, அது பேனா. தாளுக்குச் சவரம் பண்ணாதீங்க" என்கிறாள். படிக்க வந்த பிறகுதான் என் கடைப் பலகையையே வாசித்தேன். முப்பது வருஷமாக என் தலைக்கு மேலே அமிர்தநாதன் என்று இல்லை, 'அமிர்தம் சலூன்' என்றுதான் இருந்திருக்கிறது. பக்கத்துக் கடை மரியஜோசப்பிடம் கேட்டால், "பலகையில இடம் பத்தல வே, நாதன வெளிய நிப்பாட்டிட்டானுவ" என்கிறான். எனக்குக் கோபமே வரவில்லை. நின்று இன்னொரு தரம் வாசித்தேன்.

நான் சொல்ல வந்தது கல்லைப் பற்றி. எந்தக் கல் என்று உனக்குத் தெரியும். பாக்டரிக்குக் கீழே ஓடையிலிருந்து நானே அறுத்தெடுத்த பச்சைக்கல், சவரக்கத்தி தீட்டுவதற்கென்றே வைத்திருந்தது. உனக்குப் பதினாலு வயது, நான் மஞ்சள் காமாலையில் என் அக்கா வீட்டில் இரண்டு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு வந்து பார்த்தால் கல்லின் நடுவில் குழி. அம்மாவின் கவாத்துக் கத்தியை நீ அதில் தீட்டியிருந்தாய். நான் ஏன் என்று கேட்கவில்லை, தோல்வாரை எடுத்து அடித்தேன். கத்தி மழுங்கி, தேயிலைக் கிளையோடு மல்லுக்கட்டி அவள் உள்ளங்கை கிழிந்ததைப் பார்த்துத்தான் நீ தீட்டினாய் என்று அம்மா அன்றைக்கே சொன்னாள். சொன்னதைக் கேட்டேன். கேட்டும் உன்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன். நீ பதினெட்டு வயதில் திருப்பூர் பஸ் ஏறினாய். இப்போது போனில் உன் குரல் கேட்டால் சாப்பிட்டியா, அங்க வெயிலா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். எழுதும்போது அப்படி இல்லை, அடுத்த எழுத்து எது என்று யோசிக்கிற நேரத்தில் பயம் கொஞ்சம் விலகிப் போகிறது.

கார்த்திகை பிறந்ததும் அந்தக் கல்லை இறக்கினேன். கோயிலில் மாதா சொரூபம் வைத்திருந்த பழைய கூட்டின் கனமான கண்ணாடியைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கினேன். அதன் மேல் தண்ணீர் தெளித்து உப்புத்தாளை ஒட்டி, கல்லைக் கவிழ்த்து வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்னால் கல்லின் முகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது வழக்கம், கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். எழுதத் தெரிந்துவிட்டதே, வெறும் கோடு எதற்கு என்று நான் உன் பெயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஐந்து தரம் எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு, "பேர எழுதித் தண்ணி ஊத்துதீகளே, கல்லுக்கு ஞானஸ்நானமா?" என்றாள். ஓரத்துப் பெயர்கள் அன்றைக்கே போய்விட்டன. நடுவில் இருந்த ஜினோ போகவில்லை. மறுநாள் மறுபடி எழுதினேன், மறுபடி நடுவில் நீதான். விடிந்ததும் வாசலில் உட்காருவேன், பனி லயத்து வீட்டு வரிசையை முழுசாக மூடியிருக்கும், கை மட்டும் போய்ப் போய் வரும். கல் கரைந்து கஞ்சித் தண்ணி மாதிரி இறங்கும், பென்சில் கறுப்பும் அதோடு போகும். அந்த வெள்ளைக்குள் எனக்கு என்னென்னவோ தெரியும். ஒரு நாள் நீ மடியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரில் கை வைத்து அளைவது போல இருந்தது, மூன்று வயது இருக்கும், தலையில் எண்ணெய் வாசம். பாக்டரிச் சங்கு ஊதித்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

குழியை நிரப்ப வழியே இல்லை ஜினோ. மற்ற இடமெல்லாம் தேய்ந்து குழியின் ஆழத்துக்கு இறங்கி வர வேண்டும், அப்போதுதான் கல் மட்டமாகும். இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த வேலை. இருபது வருஷமாக, குழி தானாக மேலே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பதினேழாம் நாள் எல்லாப் பெயரும் ஒரே நேரத்தில் அழிந்தன. மட்டக்கோலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன், இடையில் ஒரு கீற்று ஒளி வரவில்லை. கத்தியின் வாய் தட்டாதிருக்க விளிம்புகளை மழித்தேன். மெல்லிய தாளில் இன்னும் இரண்டு நாள் தேய்த்தேன், தடவினால் வாழைக் குருத்து மாதிரி இருக்கிறது. கத்தியைத் தீட்டி என் முகத்திலேயே போட்டுப் பார்த்தேன், போனதே தெரியவில்லை. கடையில் இப்போது எல்லாருக்கும் மாற்று பிளேடுதான், இந்தக் கத்தி உனக்கு. ஊரில் பாதிப் பேர் முகம் என் கைக்குத் தெரியும், உன் முகத்தில் மட்டும் என் கத்தி ஒருமுறைகூடப் பட்டதில்லை. உன் முதல் சவரம் திருப்பூரில் எந்தக் கடையிலோ நடந்திருக்கும். போட்டோவில் தாடி நன்றாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள், அதுவும் சரிதான், தாடியோடு வந்தாலும் வா. அன்றைக்கு நான் அடித்தது தப்பு. இந்தச் சின்ன வரியை எழுதத்தான் எழுத்துப் படித்தேனோ என்னவோ.

மாதா உன்னைக் கண் கலங்காமல் காப்பாற்றட்டும். தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தொப்பி இல்லாமல் இறங்காதே. கல்லின் மேல் கடைசியாக ஒரு தரம் உன் பெயரை எழுதியிருக்கிறேன், இதை நான் தேய்க்கவில்லை. அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை அழிக்கிற வேலை உன்னுடையது, லீவு கிடைக்கும்போது வந்து செய். தாள் இன்னும் மிச்சம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறேன்.

உன் அப்பா,
அமிர்தநாதன்
(நாதனையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்)