ஐந்தாம் நம்பர் கொடுத்த மூன்று பந்துகள்

பாசிர் கூடாங்,
சனிக்கிழமை காலை.

மகன் ராஜசேகரனுக்கு, அப்பா காளியப்பன் வாயால் சொல்ல, மீனு என்கிற பிள்ளை கையால் எழுதுவது.

வீட்டில் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க அம்மன் துணை. மருமகள் வாசுகிக்கு இந்த வாரம் காலை ஷிப்டு. ஃபேக்டரி பஸ் ஐந்தே முக்காலுக்கே வந்து ஹாரன் அடிக்கிறது, அவள் ஒரு கையில் சீப்போடு ஓடுகிறாள். என் இடது முட்டி மழைக்கு முதல் நாளே செய்தி சொல்லிவிடுகிறது. மற்றபடி குறையில்லை. காளிதாஸ் லீவு முடிந்து புதன்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதமும், வாசுகி செய்த நெத்திலிச் சம்பல் இரண்டு போத்தலும் வருகின்றன. ஒரு போத்தல்தான் வந்து சேர்ந்தது என்றால் எனக்குச் சொல். அவனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "சரிப்பா, சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். தாளில் இருந்தால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

மீனு யார் என்று சொல்கிறேன். பெர்மாஸ் ஜெயா வக்கீல் வள்ளியப்பனின் மகள். உன் மகள் லோஷினியோடு ஒரே காலேஜ், ஒரே கூடைப்பந்து டீம். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு எல்லாக் கையெழுத்தும் ஒன்றுதான். இதை எழுதத் தகுந்த ஆள் இவள்தான் என்று நானே கேட்டு வரவழைத்தேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

உன் மகள் ஆடும் இடத்துக்கு கார்ட் என்று பெயர். பந்தைப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டு வந்து, யார் ஆளில்லாமல் நிற்கிறார்கள் என்று பார்த்துக் கொடுக்கிற வேலை. டீமில் கார்ட் மூன்று பேர். ஆட்டம் தொடங்கும்போது இறங்குவது இரண்டு பேர்தான். ஒரு இடம் ஃபாராவுக்கு, அதில் பேச்சே இல்லை. மிச்சம் ஒரு இடத்துக்கு ஒன்பதாம் நம்பர் லோஷினியும் ஐந்தாம் நம்பர் மீனுவும். பயிற்சியில் இரண்டும் முழங்கையால் இடித்துக்கொள்ளும். முடிந்ததும் ஒரே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துத் தின்னும். லோஷினி உட்கார்ந்திருக்கிற நாளில், "ஏய் ஒன்பது, உன் ஷூவுல ஒட்டடை படிஞ்சிருச்சு பாரு" என்று இவள் கத்துவாள். அடுத்த வாரம் இவள் உட்கார்ந்தால் அவள் விளக்குமாறு கொண்டு வந்து கொடுப்பாள். இதை எழுதும்போது இவளுக்குச் சிரிப்பு வருகிறது. கை ஆடினால் எழுத்து கோணும் என்று சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்குப் பேசியபோது நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. "ஃபைனலுக்குள்ள முதல் அஞ்சு பேர்ல வரலன்னா பந்த மூட்ட கட்டி வச்சிட்டுப் படிக்கச் சொல்லுங்கப்பா. பெஞ்சு தேய்க்கவா காலேஜுக்கு அனுப்புனேன்?" லோஷினி பக்கத்தில்தான் நின்றாள். போனை வாங்கி, "சரிப்பா, ப்ராமிஸ்" என்றாள். அதற்குப் பிறகு நாலு மாதம் விடியுமுன் எழுந்து, அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் தனியாகப் பந்து தட்டினாள். மூன்றாவது மாடி சீனக் கிழவர் முதலில் ஏசினார். பிறகு அவரே லைட்டைப் போட்டுவிட்டார்.

இவர்களுடைய கோச் மேடம் டான் நியாயமான பெண்மணி. முகம் பார்க்கமாட்டார், தாள் பார்ப்பார். யார் கூடையில் விழுகிற மாதிரி எத்தனை பந்து கொடுத்தார்கள், யார் எத்தனை தொலைத்தார்கள் என்பதை நூருல் என்கிற மாணவி டேப்லெட்டில் ஏற்றுவாள். அதைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார். நான் எந்த ஆட்டத்தையும் விடுவதில்லை, பெஞ்சுக்குப் பின்னாலேயே உட்காருவேன். எழுத்து தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும். ஒருமுறை பார்த்தது என் மண்டையை விட்டுப் போகாது, அது உனக்கே தெரியும். நூருலுக்குச் சந்தேகம் வந்தால் திரும்பி, "அத்தோ, தாடி சியாப்பா?" என்பாள். தாத்தா, இப்போ கொடுத்தது யார் என்று அர்த்தம். நான் விரலைக் காட்டுவேன். பிறகு வீடியோவில் பார்த்தால் அதுவேதான் இருக்கும். அதனால் அந்தப் பிள்ளைக்கு என்மேல் நம்பிக்கை அதிகம்.

அரையிறுதி ஆட்டத்தில், பாதி நேரம் முடிந்ததும் அந்த டேப்லெட் செத்துவிட்டது. "அலமாக்!" என்று தலையில் கைவைத்தாள். அன்றைக்கு வீடியோ எடுக்கவும் ஆளில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்பாதி ஆட்டம் முழுவதையும் நான் வரிசையாகச் சொன்னேன். எந்த நேரத்தில், யார் கையிலிருந்து யார் கைக்கு, எல்லாம்.

பின்பாதியில் ஐந்தாம் நம்பர் கொடுத்தது நாலு. ஒன்பதாம் நம்பர் கொடுத்தது இரண்டு. நான் ஐந்துக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஐந்து என்று சொன்னேன்.

மீனு பேனாவை வைத்துவிட்டது. வேண்டாம் தாத்தா, இதை எழுதவேண்டாம் என்கிறது. எழுதம்மா, அதற்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன் என்று சொன்னேன். இப்போது எழுதுகிறது.

சேகர், எனக்கு எழுபத்தொன்பது வயது. எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் நிறுக்கிற இடத்தில் கிராணி தப்பாக எழுதினால், எழுதத் தெரியாத நான்தான் எழுந்து நின்று தப்பு என்று சொல்லுவேன். துரை என் பேச்சைத்தான் எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட வாயால் இதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை விடியலில் பந்து தட்டுகிற சத்தம் என் காதில் இருந்தது. வேறு காரணம் இல்லை.

திங்கட்கிழமை போனில் ஃபைனலுக்கான பட்டியல் வந்தது. முதல் ஐந்து பேரில் ஒன்பதாம் நம்பர் இருந்தது, ஐந்தாம் நம்பர் இல்லை. வாசுகி பாயசம் வைத்தாள். லோஷினி ஒரு வாய்கூட வைக்கவில்லை. மறுநாள் காலை என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "தாத்தா, செகண்ட் ஆஃப்ல நான் அஞ்சு பாஸா குடுத்தேன்?" என்றாள். குடுத்தம்மா என்றேன். "எதெதுன்னு சொல்லுங்க" என்றாள். முதல் இரண்டைச் சொன்னேன். மூன்றாவதுக்கு வாய் வரவில்லை. வயசாச்சு, குழம்பிட்டேன் போல என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க மறக்கற ஆளு இல்ல தாத்தா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

பிறகு எழுந்து, "சட்டைய மாத்துங்க, போலாம். இல்லன்னா பழி நூருல் தலையில விழும்" என்றாள். பஸ்ஸில் அரை மணி நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் இறங்கும்போது என் கையைப் பிடித்து இறக்கினாள். மேடம் டானிடம் எனக்குத் தெரிந்த மலாயில் நானே சொன்னேன். ஐந்தும் ஒன்பதும் நூருலும் நின்று கேட்டார்கள். மேடம் பட்டியலை அடித்துத் திருத்தினார். மீனு உள்ளே, லோஷினி பெஞ்சுக்கு. எனக்கும் தண்டனை கிடைத்தது. "அங்கிள், ஃபைனலுக்கு வரலாம். ஆனா மேல, கடைசி வரிசை. பெஞ்ச் பக்கம் கூடாது, போலே?" என்றார். சரியா என்று அர்த்தம். நானும் போலே என்று தலையாட்டினேன்.

வெளியே வந்து மீனு எதிரில் போய் நின்றேன். இவள், "மூணு பாஸ்தானே லா தாத்தா, இன்னொரு நாள் குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு லோஷினியைப் பார்த்து, "ஏய், பெஞ்சத் துடைச்சு வைக்கவா?" என்றாள். இரண்டும் சிரித்தன. எனக்குத்தான் கண் கலங்கியது.

போன சனிக்கிழமை ஃபைனல். எதிர் டீம் மலாக்காவிலிருந்து வந்தது. முப்பத்திரண்டு படி ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முட்டி போன ஜென்மத்துப் பாவத்தையெல்லாம் நினைவுபடுத்தியது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் பெஞ்சு நன்றாகத் தெரியும்.

உன் மகள் ஒரு நிமிடம்கூடச் சாய்ந்து உட்காரவில்லை. ஒவ்வொரு முறை மீனு வெளியே வரும்போதும் முதலில் எழுந்து துண்டைக் கொடுத்தது அவள்தான். எதிர் டீமின் பதினொன்றாம் நம்பர் பந்தை இடது பக்கம்தான் இறக்குகிறது என்று கண்டுபிடித்து மீனு காதில் சொன்னாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் மீனு பதினொன்றிடமிருந்து இரண்டு பந்தைப் பறித்தது. காதில் லோஷினி என்ன சொன்னாள் என்பது மீனு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது எந்தத் தாளிலும் ஏறாது சேகர். அதனால்தான் இந்தத் தாளில் ஏற்றச் சொல்கிறேன்.

கடைசிக் கால்பாகத்தில் ஆறு நிமிடம் இருக்கும்போது ஃபாராவுக்கு ஐந்தாவது ஃபவுல். வெளியே போகவேண்டியதாயிற்று. மேடம் டான் திரும்பாமலே கையைக் காட்டினார், லோஷினி அதற்குள் எழுந்து நின்றாள். ஐந்தும் ஒன்பதும் ஒன்றாக இறங்கி நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு முறை மூன்று பேர் லோஷினியை வளைத்துக்கொண்டார்கள். பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் மூலைக்குப் பந்தைத் தட்டினாள், அங்கே மீனு நின்றது, எறிந்தது, மூன்று புள்ளி. நான் எழுந்து கத்தியதில் முன் வரிசைச் சீனப் பையன் கையிலிருந்த தண்ணீர் கொட்டிவிட்டது. இரண்டு புள்ளியில் தோற்றோம். ஆனால் தோற்றவர்கள் மாதிரி எவரும் நடக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு நூருல் அந்த முப்பத்திரண்டு படியையும் ஏறி என்னிடம் வந்தாள். டேப்லெட்டில் ஏற்றியதை வாசித்துக் காட்டி, சரியா அத்தோ என்று கேட்டாள். இனி அவள் என்னிடம் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஒன்பதுக்கு ஒரு பாஸ், சரி. ஆனால் நாலு நிமிடம் இருக்கும்போது ஒன்பது ஒரு பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்தது, அதை விட்டுவிட்டாய், எழுதிக்கொள் என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் லோஷினி ஷூவைத் துடைத்து, காகிதம் சுற்றி, பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தேன் என்றாள். அடுத்த ஆண்டு டீமுக்கு இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்கவேண்டும். மேடம் டான் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். "இவ இல்லன்னா நான் யார இடிப்பேன்?" என்று மீனு கேட்கிறது. இதை அவளே சேர்த்துக்கொண்டாள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ சொன்ன வார்த்தை உன்னுடையது அல்ல. அது எனக்குத் தெரியும். எண்பத்தேழாம் வருஷம் லாயாங் லாயாங்கில், குளுவாங் போகிற கால்பந்து டீமில் உனக்குப் பதினாலாவது பெயர். லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாய். நான் வந்து, "பெஞ்சு தேய்க்கவா குளுவாங் போற? இறங்கு" என்றேன். எல்லாரும் பார்க்க இறங்கினாய். சட்டையைக் கழற்றி மடித்து அர்ச்சுனன் கையில் கொடுத்தாய். அன்று சாயங்காலம் அர்ச்சுனன் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தான். மூன்று பேருக்கு அடிபட்டு, மாற்றி இறக்க ஆள் போதாமல், பத்துப் பேரோடு ஆடி ஒரு கோலில் தோற்றார்களாம். "சேகர் வந்திருந்தா அவன்தான் மாமா இறங்கியிருப்பான்" என்றான். அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. நீயும் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

அந்த லாரியின் நம்பர் மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. முப்பத்தெட்டு வருஷமாகிறது.

லோஷினிக்கு ஒரு போன் போடு. படிப்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஃபைனலில் ஆறு நிமிடம் என்ன செய்தாய் என்று மட்டும் கேள், அவள் சொல்லட்டும். நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே. அவளைப்போல ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறாய், அது உன் வளர்ப்பு. என் வளர்ப்பு எப்படி என்று மேலே சொல்லிவிட்டேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் கை தொட்ட வேலையும் நன்றாக இருக்கவேண்டும். நான் ஸ்டூல் போட்டு ஏறக்கூடாது என்று வாசுகி உத்தரவு போட்டிருக்கிறாள், அதனால் அந்தப் பெட்டி அலமாரி மேலேயே இருக்கிறது. நீ சொன்னால் லோஷினியே இறக்கிக்கொள்வாள்.

உன் அப்பா,
காளியப்பன்
(கைநாட்டு)