மெஷின் அடைகாத்த வாத்துகள்

பாகூர்
தை 9

அன்பு மகன் கணேஷ்குமாருக்கு சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் தீவனக் கடையும் சௌக்கியம். அங்கே அந்தப் பனியில் நீயும், ஏழு மாதத்தை வயிற்றில் சுமக்கிற யாமினியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மூலநாதர் துணை. போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். இந்த விஷயத்தை இந்த வூட்டுக்குள் சத்தமாகப் பேச எனக்கு இஷ்டமில்லை, காரணம் கடைசியில் வரும்.

பழைய கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கி, ராப்பகலாக ஓடி இன்டர்நெட் காசு சம்பாதிக்கிற கிரிப்டோ மைனிங் கம்ப்யூட்டர் ஒன்றை மலிவாகக் கட்டலாமா, அது விடுகிற சூட்டில் பிறக்கப்போகிற குழந்தையின் அறையும் கதகதப்பாக இருக்கும், ஹீட்டர் செலவு மிச்சம் என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். பாகூர் கொம்யூனிலேயே அதை முதலில் கட்டியவன் நான்தான். எட்டாவதோடு நின்றவன் என்று பேர், ஆனால் மூலக்குளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற தமிழ்க்குமரன் நான் கேட்ட கேள்விகளில் அசந்துபோய், அண்ணே நீங்க எந்த காலேஜுண்ணே என்று எழுந்து நின்றுவிட்டான். நாலு பழைய கிராபிக்ஸ் கார்டு, ஒரு போர்டு, வெல்டிங் பட்டறையில் அடித்த இரும்புச் சட்டம், ஆறு ஃபேன், எல்லாம் என் கையாலேயே பூட்டினேன். மண்ணாடிப்பட்டிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள், முப்பது பேர் இருக்கும், நாற்பது என்றே வைத்துக்கொள். வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன், இரண்டு மாதத்தில் அது சம்பாதித்தது கரண்ட் பில்லில் கால்வாசிகூட இல்லை. தமிழ்க்குமரன் முதல் நாளே சொன்னான், அண்ணே இதுக்கெல்லாம் காலம் போயிடுச்சு, இப்ப பெரிய பெரிய கம்பெனிக்காரன் கொட்டாய் கொட்டாயா வச்சி ஓட்டுறான், உங்க நாலு கார்டு ஏரித் தண்ணிய ஸ்பூன்ல மொள்ளுற மாதிரி என்று. நான் அவனுக்கு விவரம் போதாது என்று நினைத்தேன்.

ஆனால் சூடு வீணாகக்கூடாது இல்லையா. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஏரிக்கரையில் வாத்து மேய்க்கிற வீரமணியிடம் ஒரு மூட்டை தீவனம் கொடுத்து முப்பது முட்டை வாங்கி, மெஷினுக்குப் பின்னால் கூடையில் வைக்கோல் போட்டு வைத்தேன். உன் சித்தி தினம் மூன்று தரம் திருப்பி வைத்து, ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டாள். இருபத்தெட்டாம் நாள் இருபத்துமூன்று குஞ்சு. ஊரே வாயைப் பிளந்தது. இதுவரை எழுதியதில் அங்கங்கே கொஞ்சம் கூட்டியிருப்பேன், உனக்கே தெரியும். இனி எழுதுவதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

பிறந்த நாளிலிருந்து அதுகள் மெஷினைப் பார்த்தே உட்கார்ந்தன. வரிசையாக, சத்தமே இல்லாமல். வாத்துக்குஞ்சு சத்தம் போடாமல் நீ பார்த்திருக்கிறாயா. ஃபேன் வேகமெடுத்தால் இருபத்துமூன்று கழுத்தும் ஒன்றாக நீளும், தணிந்தால் ஒன்றாக இறங்கும். தண்ணீர்த் தொட்டி வைத்தால் குடித்துவிட்டுத் திரும்பிவிடும், நீந்தாது. வீரமணியை வரவழைத்தேன். அவன் நாக்கைச் சுழற்றி ஒரு குரல் கொடுத்தால் ஐநூறு வாத்து திரும்பும். இதுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒரு தாய் வாத்தைக் கொண்டுவந்து நடுவில் விட்டான். அது சுற்றிச் சுற்றிக் கத்தியது, பிறகு தானாகவே வாசலைப் பார்த்து வெளியே போய்விட்டது. வீரமணி சொன்னான், அண்ணே, குஞ்சுக்கு ஓட்டுக்குள்ளயே காது கேக்கும், பொரியறதுக்கு முன்னாடி மூணு நாளு தாய் மேல உக்காந்து பேசிக்கினே இருக்கும், இதுங்க கிட்ட இன்னா பேசிச்சுன்னு யாருக்குத் தெரியும், இதுங்க வாத்து மாதிரி இருக்குதுங்க அவ்ளோதான். ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் போனான்.

போன வாரம் நடுமத்தியானம் எங்கள் வூட்டு ஃப்யூஸ் மட்டும் போனது. ஃபேன் நின்றதும் இருபத்துமூன்றும் எழுந்தன. கடை வழியாக இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ்காரன் பிரேக் போட்டு நிற்க, ஒன்றன்பின் ஒன்றாக முனை டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் போய் நின்றன. பக்கத்திலேயே புங்கமர நிழல், அங்கே ஒதுங்கவில்லை. வெயிலில் நின்று அந்த ரீங்காரத்தைப் பார்த்துக் கழுத்தைத் தூக்கிக்கொண்டிருந்தன. நான் திரும்பி வந்தபோது உன் சித்தி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டு, வாயை மூடியபடி, அதே ம்ம்ம் என்ற சத்தத்தை, அதே சுருதியில் விட்டுக்கொண்டிருந்தாள். இன்னா ஆதிலட்சுமி என்றேன். நான் எங்க பாடினேன், போய்யா என்றாள்.

மறுநாளே கார்டுகளைக் கழற்றித் தமிழ்க்குமரனிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். இப்போது வெறும் ஃபேன் மட்டும் ஓடுகிறது. நிறுத்தினால் அதுகள் இரை எடுப்பதில்லை, நிறுத்த முடியவில்லை. லாபமா என்று கேட்டாயே, என் மெஷின் இன்று ஒரு காசு சம்பாதிக்காமல் இருபத்துமூன்று பேருக்குத் தாயாக ஓடிக்கொண்டிருக்கிறது, கணக்கை நீயே போட்டுக்கொள்.

இன்னொன்று கணேசு. கட்டலாமா என்றுதான் நீ கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது சித்தி கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டேன். யாமினி படுத்திருக்கிறாள், பக்கத்தில்தான் இருக்கிறேன் என்றாய். அப்போது இந்த இருபத்துமூன்றும், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிறந்ததிலிருந்து முதல் முறையாக மெஷினை விட்டுவிட்டு என் போன் பக்கம் திரும்பின. நீ பேசி முடிக்கும்வரை அசையவில்லை. உன் பின்னால் அங்கே ஓடுவது என்ன என்று அதுகளுக்குத் தெரிந்துவிட்டது, அதுகள் காதுபட இதைப் பேச மனமில்லாமல்தான் கடுதாசி. உன்னைத் திட்டப்போவதில்லை. பத்து வயதிலிருந்து உன்னை வளர்த்தவன், உன் பொய் எனக்குப் புதிதில்லை. காசு போனால் போகட்டும், இந்தக் கடுதாசி கைக்கு வந்ததும் நீ கட்டி ஓடவிட்டிருக்கிற மெஷினை அந்த அறையை விட்டு வெளியே எடு, ஹீட்டர் வாங்கப் பணம் நான் அனுப்புகிறேன்.

யாமினிக்கு இங்கே வளைகாப்புப் போட முடியவில்லையே என்று சித்திக்கு ஏக்கம். இதோடு கண்ணாடி வளையல் நாலு டஜன் வைத்திருக்கிறாள், உடையாமல் பிரி. இரண்டு கை நிறையப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஆட்டச் சொல். நீயும் வேலை முடிந்து வந்து வயிற்றுப் பக்கம் வாயை வைத்துப் பேசு, என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் நம் ஊர் பஸ் போகிற ஸ்டாப்பிங் பெயர்களையாவது வரிசையாகச் சொல். பிள்ளை முதலில் கேட்பது உங்கள் சத்தமாக இருக்கட்டும். மூன்று பேரும் நீடு வாழ்க.

ஆசிகளுடன்
உன் சித்தப்பா
சண்முகசுந்தரம்